பத்து வோன் கோபுரம்

கொரியாவுக்கு இப்போது கிளம்புகிற நம் பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த நாட்டை முக்கால்வாசி பார்த்து முடித்திருக்கிறார்கள். தொடர்களில் வருகிற அரண்மனை வாசல், செர்ரிப் பூ உதிரும் தெரு, எந்தக் கடையில் எந்த நூடுல்ஸ் என்பதுவரை அவர்களுக்கு அத்துப்படி. 1998இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கார் தொழிற்சாலை வேலைக்காக உல்சானுக்குப் பயிற்சிக்குப் போன எங்களுக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் 1988 ஒலிம்பிக்கும், அந்த நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்ற செய்தியும்தான். அதனால் எதைப் பார்த்தாலும் அதுதான் முதல் பார்வை. அந்தப் பாக்கியத்தை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படி வாங்கிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று எங்கள் பிரிவின் கொரிய மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்குக் கொரிய மொழி வணக்கத்தோடு சரி. சட்டைப் பையைத் துழாவி ஒரு பத்து வோன் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதில் பொறித்திருந்த கோபுரத்தை விரலால் தொட்டுக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே வடக்கு நோக்கிக் கை நீட்டினார். வழிகாட்டிப் புத்தகங்கள் எத்தனையோ அதற்கப்புறம் வாங்கிவிட்டேன். அந்த நாணயம் காட்டிய வழியைப் போல எதுவும் என்னை நேராகக் கொண்டுசேர்க்கவில்லை.

உல்சானிலிருந்து கியோங்ஜு நகரத்துப் பக்கம் அன்று தொங்கில் என்ற ரயில் ஓடியது. எல்லாச் சின்ன நிலையத்திலும் நிற்கும். தள்ளுவண்டியில் அவித்த முட்டை, வறுத்த வேர்க்கடலை, காய்ந்த கணவாய் விற்றுக்கொண்டு ஒருவர் பெட்டி பெட்டியாக வருவார். முட்டை தொடாத எனக்குக் கடலைதான். எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி மூட்டையை அவிழ்த்து ஆரஞ்சுச் சுளையை நீட்டுவாள். மறுத்தால் வருத்தப்படுவாள் என்பது மொழி தெரியாமலே புரிந்துவிடும். நம் ஊர் பாசஞ்சர் ரயிலில் புளியோதரைப் பொட்டலம் பிரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புல்குக்சா என்று கோயிலின் பெயரையே வைத்திருந்த நிலையத்தில் இறங்கினால், ஓடு வேய்ந்த அந்தச் சிறிய கட்டடத்துக்கு வெளியே ஊர் அமைதியாகக் கிடக்கும். தொஹாம்சான் மலை எதிரில் நிற்கும்.

கோயிலுக்குள் நுழைந்து அந்தக் கோபுரத்தின் முன் நின்றபோது கையில் நாணயம் இருந்தது. தபோதாப் என்கிற அந்தக் கல் கோபுரத்தையும், அதன் பக்கத்தில் எந்த அலங்காரமும் இல்லாமல் மூன்று அடுக்காக நிற்கும் சொக்காதாப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சில்லா என்ற பழைய கொரிய அரசில் அமைச்சராக இருந்த கிம் தேசொங் 751இல் தொடங்கிய கோயில் அது. இந்தப் பிறவியின் பெற்றோருக்காகப் புல்குக்சாவையும், முற்பிறவியின் பெற்றோருக்காக மலைமேல் சொக்குராம் குகையையும் அவர் கட்டினார் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. இருபத்தைந்து வயதில் கேட்டபோது அழகான கதையாக மட்டுமே அது எனக்குப் பட்டது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அதே முற்றத்தில் நின்றபோது, பிறவிக்கொரு கோயில் கட்டினாலும் தீராத கடன் என்று அந்த மனிதன் கணக்குப் போட்டதில் தப்பே இல்லை என்று தோன்றியது.

சொக்குராமுக்கு அன்றும் பேருந்து உண்டு. ஆனாலும் காட்டுப் பாதையில் நடந்தே ஏறினோம். பாதி வழியில் ஊற்று. பிளாஸ்டிக் அகப்பையில் மொண்டு குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு நடந்தோம். கேமராவில் 36 படம்தான்; ஒவ்வொன்றையும் எண்ணி எடுக்க வேண்டும், சரியாக விழுந்ததா என்பது ஊர் திரும்பிக் கழுவிய பிறகுதான் தெரியும். உங்கள் வீட்டு ஆல்பத்திலும் அப்படிக் காத்திருந்து பார்த்த படங்கள் இருக்கும். மூச்சிரைக்க ஏறிப்போய் அந்தக் கருங்கல் புத்தர் முன்னால் நின்றால், நடுவில் கண்ணாடிச் சுவர். ஈரம் குகைக்குள் புகுந்து கல்லைக் கெடுத்ததால் வைத்த தடுப்பு. 1910களில் ஜப்பானிய ஆட்சி குகையைப் பிரித்து சிமென்ட் போட்டுப் பூசியதில் தொடங்கிய தொல்லை அது. கண்ணாடி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது; கிழக்குக் கடலைப் பார்த்தபடி அவரும் இருக்கிறார். அங்கே மாறாமல் இருப்பவை அந்த இரண்டும்தான்.

மற்றதெல்லாம் மாறிவிட்டது. சியோலிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேல் பிடித்த கியோங்ஜுவை இப்போது கேடிஎக்ஸ் இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து தந்துவிடுகிறது. 2004இல் அந்த அதிவேக ரயில் வந்த ஆண்டிலேயே தொங்கில் போய்விட்டது. 2021 டிசம்பரில் கியோங்ஜுவின் பழைய நிலையத்தையும் புல்குக்சா நிலையத்தையும் மூடிவிட்டார்கள். புதிய நிலையம் ஊருக்கு வெளியே பளபளவென்று இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்கு வரப் பேருந்து ஏற வேண்டும். முன்பு நிலையத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தாலே சில்லா அரசர்களின் புல் மூடிய சமாதி மேடுகள் வீடுகளுக்கு நடுவே எழும்பித் தெரியும். அதிவேக ரயில் மிச்சப்படுத்திய இரண்டு மணி நேரத்தை நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஹ்வாங்னிதான்கில் என்ற புதுத் தெருவில் காபிக்கு வரிசையில் நின்றேன்.

அந்தத் தெருவில்தான் பத்து வோன் ரொட்டியைப் பார்த்தேன். என் உள்ளங்கையில் வைக்கப்பட்ட அதே நாணயம், அதே கோபுரம், உள்ளங்கை அகலத்துக்கு வார்த்து, உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். பத்து வோன் ரொட்டிக்கு விலை சில ஆயிரம் வோன். நிஜ நாணயம் 2006இல் சிறுத்துப்போய்விட்டது. இப்போது அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. ரொட்டி சூடாக, நன்றாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி கோபுரத்தின் உச்சியிலிருந்து கடிக்கலாமா அடியிலிருந்து கடிக்கலாமா என்று தன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கோபுரம் நாக்கின் வழியாக ஞாபகத்தில் தங்கும். எனக்குத் தங்கிய வழியைவிட அது மட்டமில்லை.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் தொங்தோசா கோயிலைச் சொல்லாமல் நகர முடியாது. உல்சானில் சைவக்காரன் பட்ட பாடு பெரியது. காய்கறி என்று நம்பிச் சாப்பிட்டதில் இறால் ஊறுகாயும் மீன் சாறும் கலந்திருக்கும். சோறும், உப்புப் போட்டு வறுத்த கடற்பாசித் தாளுமாகக் காலம் ஓடியது. 646இல் ஜாஜாங் துறவி நிறுவிய தொங்தோசா உல்சானுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பிரதான மண்டபத்தில் புத்தர் சிலை கிடையாது. பின்பக்கம் புத்தரின் தாது வைத்த மேடை இருப்பதால் ஜன்னல் வழியே அதை நோக்கித்தான் கும்பிடுகிறார்கள். உருவமில்லாத அந்த வெற்றிடத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவனை ஒரு அம்மாள் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். சோறு, முளைகட்டிய பயறு, மலைக்கீரை, காரக் குழம்பு. இறைச்சி மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடக் கோயில் சமையலில் சேராது என்று பிறகு தெரிந்தது. ஏகாதசிக்கு மறுநாள் என் அம்மா சமைக்கிற சமையல். கண் கலங்கிவிட்டது, அந்த அம்மாள் காரம் என்று நினைத்து வெள்ளரிக்காய் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்ட கிண்ணத்தை நாமே கழுவி வைக்க வேண்டும். கழுவி வைத்தேன்.

அந்தச் சமையல் இப்போது உலகப் புகழ் பெற்றுவிட்டது. பேக்யாங்சா கோயிலில் சமைக்கும் ஜொங் க்வான் துறவியை 2017இல் நெட்ஃபிளிக்ஸ் உலகத்துக்குக் காட்டியது. சியோலில் ஒரு கோயில் உணவகம் மிஷெலின் நட்சத்திரம்கூட வாங்கியது. சந்தோஷம்தான், சைவம் தேடி அலைகிற பிள்ளைகள் அங்கே இனிப் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாதவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போகிற அம்மாள் மேசை முன்பதிவில் கிடைக்க மாட்டாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஆனால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியாக வேண்டும். கோயிலின் இரவை நாங்கள் பார்த்ததே இல்லை. 2002 கால்பந்து உலகக் கோப்பைக்கு வரும் விருந்தினருக்காகத் தொடங்கிய கோயில் தங்கல் திட்டம் நிலைத்து, இன்று யார் வேண்டுமானாலும் தங்கலாம். நானும் தளர்ந்த சட்டை கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, கதகதப்பான தரையில் படுத்து, விடியலுக்கு வெகுநேரம் முன்பே மரத்தாளம் தட்டிக்கொண்டு ஒரு துறவி முற்றத்தைச் சுற்றும் சத்தத்துக்கு எழுந்தேன். பெரிய மத்தளம், மரமீன், மேக வடிவத் தகடு, கடைசியில் மணி. காலையில் 28 அடி, மாலையில் 33. ஒவ்வொரு அடியும் முழுதாக அடங்கும்வரை அடுத்தது விழுவதில்லை. இருபத்தைந்து வயதுக்காரனுக்குக் கிடைக்காத இந்த அதிகாலையைக் கொடுத்தது புதிய காலம்தான்; அதற்கு என் நன்றி.

மலைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். கொரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை. உல்சானுக்கு மேற்கே 1,241 மீட்டர் கஜிசானும், இலையுதிர்காலத்தில் வெள்ளைப் புல் அலையடிக்கும் சின்புல்சானும் எங்கள் பக்கத்து மலைகள். நாங்கள் போயிருந்த 1998இல் அந்த மலைகளில் வார நாட்களிலும் ஆட்கள் இருந்தார்கள். வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல், காலையில் சட்டை டை கட்டி அலுவலகம் போவதுபோல் கிளம்பி மலைக்கு வந்து பொழுதைக் கழித்தவர்கள். நாட்டின் கடனை அடைக்க மக்கள் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் வரிசையில் நின்று கொடுத்த ஆண்டு அது. 227 டன் தங்கம் சேர்ந்தது என்பார்கள். டை கட்டிய ஒருவர் பாறையில் உட்கார்ந்து, தன் ஒரே வெள்ளரிக்காயை இரண்டாக ஒடித்துப் பெரிய பாதியை என்னிடம் கொடுத்தார். அவர் யார், அவருக்கு வேலை திரும்பக் கிடைத்ததா, தெரியாது. எந்தச் சிகரத்தில் நின்றாலும் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது சிகரத்தில் பெயர் பொறித்த கல்லோடு படம் எடுக்க வரிசை நிற்கிறது. அந்த மலைகளை ஏறி முடித்ததைச் செயலியில் நிரூபித்தால் உள்ளூர் நிர்வாகம் பதக்கம் தருகிறது. தேசியப் பூங்காக்களின் சிகரங்களில் மக்கொல்லி என்ற அரிசி மது குடிப்பதற்கு 2018இல் தடை வந்துவிட்டது; விபத்துகளை நினைத்தால் நியாயமான தடைதான். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் வெள்ளரிக்காய் கொடுத்துக்கொள்வதை இன்னும் பார்க்க முடிகிறது. அந்த ஒன்றை எந்தச் செயலியும் தொடவில்லை.

நுழைவுச்சீட்டும் போய்விட்டது. தேசியப் பூங்காக் கட்டணம் 2007இலும், கோயில்கள் வசூலித்த பண்பாட்டுச் சொத்துக் கட்டணம் பெரும்பாலான இடங்களில் 2023 மே மாதத்திலும் நின்றன. சும்மா நடந்து உள்ளே போகலாம். ஏழைக்கும் மலைக்கும் நடுவே சீட்டு எதற்கு? சரியான முடிவு. இருந்தாலும், கோயில் படம் அச்சிட்ட அந்தச் சிறு காகிதங்களை பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன். கழிக்க மனம் வரவில்லை.

ஹேஇன்சா கோயிலில் மட்டும் காலம் என் பக்கம் சாய்ந்தது. மங்கோலியர் படையெடுத்துக்கொண்டிருந்த 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய 81,258 மரப்பலகைகள். முழு பௌத்த நூல்தொகை. மேலும் கீழும் அளவு மாறும் ஜன்னல்களால் காற்றை ஓடவிட்டு, அந்த மரக்கூடங்களே அவற்றை ஈரத்திலிருந்து காத்து வருகின்றன. 1951இல் அந்தப் பக்கம் குண்டு போட உத்தரவு வந்தபோது, விமானப்படை அதிகாரி கிம் யொங்-ஹ்வான் போட மறுத்தார். இளைஞனாக மரச்சட்டத்தின் இடைவெளியில் கண்ணை வைத்து, இருட்டில் பலகைகளின் ஓரங்களை மட்டும் பார்த்துத் திரும்பியவன் நான். 2021 முதல் முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுக்களாக உள்ளே விட ஆரம்பித்தார்கள். உள்ளே நின்று பழைய மரத்தின் வாசனையை மூச்சில் வாங்கிக்கொண்டேன்.

கடைசியாகப் பறிபோனது கோஉன்சா. 681இல் உய்சாங் துறவி நிறுவிய அந்தக் கோயிலுக்குக் கடைத்தெரு கிடையாது. பைன் மரங்களுக்கு நடுவே மண் பாதை, முடிவில் ஓடையின்மேல் தூண் ஊன்றி நின்ற கஉன்ரு மண்டபம். 1668இல் கட்டியது. 2024 ஜூலையில் அதை நாட்டின் பொக்கிஷமாக அறிவித்தார்கள். 2025 மார்ச் 25 அன்று உய்சொங் காட்டுத்தீயில் அது எரிந்து போயிற்று. கோயிலின் பெரும்பகுதியும் போயிற்று. கல் புத்தரை மட்டும் முன்கூட்டியே எடுத்துப் போயிருந்தார்கள். மணி வெப்பத்தில் வெடித்துவிட்டது. முதுமையில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த மண்டபம் அது. சுற்றியுள்ள கோயில் காட்டில் புதிதாக மரம் நடாமல், அதுவாகவே முளைத்து வரட்டும் என்று கோயில் முடிவெடுத்திருக்கிறது.

கொரியா போகிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். சியோலோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு இரவாவது மலைக்கோயிலில் தங்குங்கள். வண்டி எவ்வளவு தூரம் மேலே போனாலும் கீழேயே இறங்கி நடந்து ஏறுங்கள். பையில் வெள்ளரிக்காய் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோயில் கூரைக்கான ஓட்டில் பெயர் எழுதிக் காணிக்கை கொடுக்கிற வழக்கம் உண்டு. எரிந்த கோயில்களுக்கு நிறைய ஓடுகள் தேவைப்படும். ஒன்று எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், வாங்கிக்கொள்வார்கள்.