இரண்டாவது படிக்கட்டு

அப்பா வீடு பார்க்கப் போனால் முதலில் பின்பக்கம் போவார். தரகர் முன் விறாந்தையின் சிவப்புச் சீமெந்து நிலத்தையும் தேக்குக் கதவையும் காட்டிக்கொண்டு நிற்க, அப்பா குசினிக்குள்ளால் நடந்து கிணற்றடிக்குப் போய், பின்மதிலில் கையை வைத்து உயரம் பார்ப்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார். 1978இல் எனக்குப் பத்து வயது. அந்த மதிலில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தோம். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கை, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை. நடந்தே போய், மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடந்தே வருவார். விடிய புனித லூசியாள் பேராலயத்து மணி கேட்கும். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் கூப்பிடு தூரம். அந்தக் கல்மண்டபத்தின் குளிர்ச்சிக்காகவே வெயில் நேரத்தில் அம்மா எங்களை அங்கே கூட்டிப்போவார். செவ்வாய்க்கிழமையென்றால் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. சைவக்காரர் என்று அங்கே எங்களை ஒருவரும் வேறாகப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு அந்த இடத்தை விட்டு எழும்ப மனமே இல்லை.

அப்பா எழும்பியது 1977 ஓகஸ்ட் கலவரத்தினால். அந்த முறை எங்கள் ஒழுங்கைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கைக்கு ஒரே ஒரு வாய்தான். நாலு இரவு அப்பா கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு நித்திரையில்லாமல் இருந்தார். ஐந்தாம் நாள் அம்மாவிடம் சொன்னார்: “இதுக்குள்ள வந்தா வெளியில போக வழியில்லை. வேற இடம் பாப்பம்.”

எங்கே போவது என்பதில் வீட்டில் பெரிய வாக்குவாதம். பெரியப்பா 1958 கலவரத்தில் முகாமிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போய், பிறகு திரும்பி வந்தவர். “எங்கட சனத்துக்க இரு. பத்து வீடு சேந்து நிண்டா ஒருத்தன் கிட்ட வரமாட்டான்” என்பது அவருடைய கட்சி. அப்பா தலையாட்டமாட்டார். “எல்லாரும் ஒரு இடத்தில இருந்தா தேடி வாறவனுக்கு வேலை சுகம், அண்ணை. நாலு சாதிச் சனமும் கலந்து இருக்கிற ஒழுங்கைதான் நல்லம்” என்பார். கொழும்பில் அந்தக் காலத்தில் வீடு பார்த்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் இந்த வாக்குவாதம் நடந்திருக்கும். தண்ணீர் வசதி, பஸ் வசதி, பள்ளிக்கூடம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அப்பா வெள்ளவத்தையில் மூன்று வீடு பார்த்தார். நானும் கூடப் போனேன்.

முதலாவது கடற்பக்கம். காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் அப்போது சில நூறு யார் போய்த் தண்டவாளத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கப்பால் கல்லும் கடலும். மரைன் டிரைவ் என்ற சொல்லே எங்கள் காதில் விழாத காலம். யன்னல் கம்பியை அப்பா நகத்தால் சுரண்டினார். துரு பொருக்காக விழுந்தது. கோச்சி ஒன்று போனது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்காரர் விலையைக் குறைக்கத் தயாராக இருந்தார். அப்பா ஒழுங்கையின் நுனி வரை நடந்துபோய்த் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “இதுவும் ஒரு வாய்தான்” என்றார். கடல் அவருக்கு ஒரு காட்சியாகத் தெரியவில்லை. அது அடைபட்ட வழி.

இரண்டாவது கால்வாய்ப் பக்கம். நல்ல பெரிய வளவு, இரண்டு மாமரம். அப்பா குனிந்து சுவரைப் பார்த்தார். நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், புதுச் சுண்ணாம்புக்குள்ளாலும் ஒரு மங்கல் கோடு ஓடியது. மழைக்குத் தண்ணீர் ஏறும் அளவு அது. “வீட்டுக்காரன் சொல்லாட்டிலும் சுவர் சொல்லும், பிள்ளை” என்றார். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரின் அடிக்குத்தான் போகிறது.

மூன்றாவதுதான் எங்கள் வீடு. காலி வீதிக்குத் தரைப்பக்கம், 11 பேர்ச். ஒரு ஏக்கரை 160ஆக வெட்டினால் வருவது ஒரு பேர்ச். ஆகவே பெரிய காணி அல்ல. முன்னால் ஒரு ஒழுங்கை. பின்மதில் நாலடி உயரம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள ஆசிரியரின் வளவு. அவருடைய வாசல் வேறொரு ஒழுங்கையில் திறக்கும். நொத்தாரிசு முப்பது வருட உறுதிகளைத் தேடி முடிக்க முதலே, அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போய் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்துவிட்டு வந்தார். வந்து, “வாங்கலாம்” என்றார். 1979இல், அம்மாவின் நகைகளும் அப்பாவின் கடனுமாகச் சேர்ந்து அந்த வீடு எங்களுடையதானது. பின்மதிலை உயர்த்தித் தரட்டுமா என்று மேசன் கேட்டபோது அப்பா சம்மதிக்கவில்லை. பதிலாக மதிலோரமாக இரண்டு சீமெந்துக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பித்தார். அம்மா அதில் துளசிச் சட்டி வைத்தார்.

1983 ஜூலை 25 திங்கட்கிழமை, கலவரம் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தபோது, அந்தத் துளசிச் சட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு நாங்கள் மதில் ஏறினோம். தம்பிக்கு எட்டு வயது. அப்பா அவனைத் தூக்கி அந்தப் பக்கம் நின்ற ஆசிரியரின் கையில் கொடுத்தார். அம்மாவின் சேலை மதிலில் சிக்கிக் கிழிந்தது. இரண்டு இரவு அவர்களுடைய களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தோம். எங்கள் வீடு எரிந்த வெளிச்சம் அந்த அறையின் சின்ன யன்னலால் கூரையில் ஆடியது. ஆசிரியரின் மனைவி வாயில் விரலை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டார். அந்த அம்மாவின் முகத்தை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

அப்பாவின் கணக்கும் பெரியப்பாவின் கணக்கும் அன்றைக்குச் சமமாகத் தோற்றன. வந்தவர்களின் கையில் தமிழ் வீடுகளின் பட்டியல் இருந்தது. தமிழர் நிறைந்த ஒழுங்கைக்கும் அது போனது. நாலு வீட்டுக்கு ஒரு தமிழ் வீடு இருந்த ஒழுங்கைக்கும் அது போனது. நாலடி மதிலும் அதற்கு அந்தப் பக்கத்து மனிதரும்தான் மிஞ்சின.

பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம். வகுப்பறை வாங்குகளில் படுத்தோம். அங்கிருந்து துறைமுகத்துக்கு, துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு. கப்பல் தட்டில் நின்றபோது அப்பா கையை நீட்டிக் காட்டினார். லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரிந்தது. பாதுகாப்பான இடம் தேடி நாங்கள் எந்தக் கொட்டாஞ்சேனையை விட்டுப் போனோமோ, உயிரோடு வெளியேறும் வழி அதன் காலடியில்தான் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நீட்டிய கையை மட்டும் கனநேரம் இறக்காமல் நின்றார்.

அப்பா 1991இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். 1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்த பிறகு நானும் அம்மாவும் மறுபடி கொழும்புக்கு வந்தோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எரிந்த வீட்டுக் காணியை விற்றோம். அதில் இப்போது ஒரு தொடர்மாடி நிற்கிறது. இருபது வருடத்துக்கு மேல் வாடகை வீடுகள், வாடகை அறைகள். அந்த நாட்களில் எங்கே குடியேறினாலும் முதல் வேலை பொலிஸ் பதிவுதான். 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆட்களை ஏற்றிய அன்றிரவு அம்மா எங்கள் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று நான் தீர்மானித்தது அந்த இரவில்தான். காசு சேர இத்தனை வருடம் பிடித்தது. அதுவும் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி பாதிக்கு மேல் போட்டதால்.

தம்பி வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். கடற்பக்கமாக இருக்க வேணும். பல்கனியிலிருந்து கடல் தெரிய வேணும். பாக்கிங், ஜெனரேட்டர், லிஃப்ட், ஜிம். அப்பா விலை குறைத்தும் வேண்டாம் என்ற அதே கடற்பக்கம்தான் இன்றைக்கு வெள்ளவத்தையில் விலை கூடிய பக்கம். துரு அப்படியேதான் இருக்கிறது. ஏசி இயந்திரங்களின் தகரத்தைப் பார்த்தால் தெரியும். கோச்சியும் அப்படியே அதிர்ந்துகொண்டுதான் போகிறது. 2004இல் இதே கரையோரப் பாதையில், தெற்கே பெரலியவில்தான் சுனாமி ஒரு முழுக் கோச்சியையே அடித்தது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. தண்டவாளத்தோரமாக மரைன் டிரைவ் தெரு வந்த பிறகு முட்டி நின்ற ஒழுங்கைகளுக்கெல்லாம் மறுவாய் திறந்துவிட்டது. அப்பா இருந்தால் கடலைப் பார்க்காமல் அந்தத் தெருவைத்தான் பார்த்து நின்றிருப்பார்.

எனக்கு வேறொரு பட்டியல். தொடர்மாடியில் நாங்கள் வாங்குவது காற்றில் நிற்கும் ஒரு பெட்டியும், காணியிலும் படிக்கட்டிலும் கூரையிலும் பிரிக்கப்படாத ஒரு பங்கும்தான். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டப்படி அதற்கென ஒரு நில அளவைப் படம் பதிவாகியிருக்க வேண்டும். அனுமதித்த திட்டப்படிதான் கட்டினார்கள் என்று இணக்கச் சான்றிதழும் இருக்க வேண்டும். இவை இல்லாமலே வீடு விற்று, ஆட்களையும் குடியேற்றிவிட்ட கட்டடங்கள் உண்டு. பல்கனியைக் காட்டும் வேகத்தில் ஒருவரும் இவற்றைக் காட்டுவதில்லை. நான் கேட்டேன், கேட்டு இரண்டு இடத்தில் கெட்ட பெயரும் வாங்கினேன். கேட்காமல் முற்பணம் கொடுக்கவே கூடாது.

கொட்டாஞ்சேனையிலும் ஒன்று பார்த்தோம். அம்மாதான் கேட்டார். கோயிலும் கிட்ட, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையும் கிட்ட. 2019 ஏப்ரல் 21இல் அந்த ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகும் அம்மா அங்கே போவதை விடவில்லை. வீடு நல்ல காற்றோட்டம். ஆனால் அம்மா வெளியே வந்து ஒழுங்கையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் சுவர். “வேண்டாம் பிள்ளை” என்றார். நாற்பது வருடத்துக்கும் முந்திய கதிரையும் வாசலும் அவர் கண்ணில் நின்றது எனக்குத் தெரிந்தது.

கடைசியாக வெள்ளவத்தைக் கடற்பக்கத்தில், ஐந்தாம் மாடி. தரகர் பல்கனிக் கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்தார். மாலை வெயிலில் கடல் தகதகவென்றிருந்தது. நான் வட்ஸ்அப்பில் தம்பிக்குக் காட்டினேன். “அக்கா, இதுதான், இதையே எடுங்கோ” என்று அங்கேயிருந்து கத்தினான். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கனத்த இரும்புக் கதவு இருந்தது. அதைத் தோளால் தள்ளிக்கொண்டு நின்றார், எண்பத்துநாலு வயதில்.

“இதால எங்க போறது?”

“அது தீ அவசரத்துக்கு அம்மா. ஒருத்தரும் பாவிக்கிறேல்ல. லிஃப்ட் இருக்குத்தானே” என்றார் தரகர்.

“கரண்ட் இல்லாட்டி?”

தரகர் ஜெனரேட்டர் என்றார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை அம்மா மறக்கவில்லை. டீசலுக்கே வரிசையில் நின்ற நாட்கள் அவை. எங்கள் பழைய வாடகைக் கட்டடத்தின் ஜெனரேட்டர் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. அம்மா தரகருக்குப் பதில் சொல்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் யாரோ சைக்கிளும் பழைய மெத்தையும் வைத்திருந்தார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு இறங்கினார்.

அடியில் ஒரு கிறில் கேற். அதற்கு அந்தப் பக்கம் மரைன் டிரைவுக்குப் போகும் சின்ன ஒழுங்கை. காற்று உள்ளே வந்தது. கேற்றில் பெரிய பூட்டு.

“திறப்பு ஓபீஸில இருக்கு” என்று செக்கியூரிட்டிப் பெடியன் சொன்னான்.

“ஆபத்து நேரத்தில திறப்புக்காரனை நான் எங்க போய்த் தேடுறது, தம்பி?”

அவன் என்னைப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு தம்பிக்குச் சொன்னேன், பூட்டை எடுக்கும் வரை முற்பணம் கொடுப்பதில்லை என்று. “அக்கா, சும்மா ஒரு பூட்டுக்காக...” என்று தொடங்கியவன் அப்படியே நிறுத்தினான். கனநேரம் பேசவில்லை. பிறகு, “மதிலுக்கு மேலால என்னைத் தூக்கிக் குடுத்தது ஞாபகம் இருக்கு” என்றான்.

நிர்வாகத்தோடு மூன்று கிழமை இழுபறி. இறுதியில் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து யாரும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட்டார்கள். சைக்கிளும் மெத்தையும் போயிருந்தன. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தாழ்ப்பாளை இழுத்தார், ஒழுங்கைக்குள் இறங்கி மரைன் டிரைவ் முகப்பு வரை நடந்தார், திரும்பி வந்து சாத்தினார். இன்னொரு தரம் திறந்து பார்த்தார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இப்ப மேல போவம். அந்தக் கடலைக் காட்டு, பாப்பம்.”