தண்ணி குடிச்ச இன்ஜினும் கோயமுத்தூர் எடிசனும்

ஏற்காட்டு மலைக்கிராமமான வெள்ளக்கடையில் நின்றுகொண்டு, "ஜெட் ஸ்கீ இன்ஜினைப் பிரித்துச் சரிபண்ணுவது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். கடல் எங்கே, சேர்வராயன் மலை எங்கே! ஏற்காடு ஏரியில் பெடல் போட்டை மிதித்து முட்டிவலி வாங்கி வருவதுதான் நம் உச்சகட்ட வாட்டர் ஸ்போர்ட்ஸ். ஆனால் மழை ஊரில் தண்ணி குடிச்ச இன்ஜினுக்கா பஞ்சம்? பம்ப்செட்டோ, பைக்கோ, ஜெட் ஸ்கீயோ, உள்ளே தண்ணீர் போய்விட்டால் எல்லாம் ஒன்றுதான். அரசியல் சட்டம் சொல்கிற சமத்துவத்தை அங்கே மட்டும் கண்ணால் பார்க்கலாம்.

அதனால் தைரியமாகச் சரித்திரத்தில் இறங்குவோம். ஜெட் ஸ்கீக்கு மூலகர்த்தா கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர், மோட்டோகிராஸ் பந்தய வீரர். மனித குலத்துக்கு நல்லது செய்ய வேண்டும் என்றா கிளம்பினார்? சேச்சே! பைக்கிலிருந்து மண்ணில் விழுந்து விழுந்து உடம்பெல்லாம் சிராய்ப்பு. தண்ணீரில் விழுந்தால் இவ்வளவு வலிக்காதே என்று தோன்றியது, அவ்வளவுதான். நியூட்டனுக்காவது ஆப்பிள்தான் விழுந்தது. இவர் தானே விழுந்து தொலைத்தார்.

கனடாவில் பனிமேல் ஓடுகிற வண்டி செய்துகொண்டிருந்த பொம்பார்டியர் கம்பெனி அவரை வளைத்துப் போட்டது. பனி உருகினால் தண்ணீர்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தார்களோ என்னவோ! 1968-ல் சீ-டூ என்ற பெயரில் உட்கார்ந்து ஓட்டும் வண்டி வந்தது. பழுதுக்கு மேல் பழுது. ஓரிரு வருஷத்திலேயே கடையைக் கட்டினார்கள். பனி காட்டிய மரியாதையைத் தண்ணீர் காட்டவில்லை.

ஜேக்கப்சன் அசரவில்லை. நேரே கவாஸாகியிடம் போனார். 1970-களின் தொடக்கத்தில் ஜெட் ஸ்கீ பிறந்தது. இதை நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். வலிக்காமல் விழ வழி தேடிய மனுஷன், கடைசியில் சீட்டையே பிடுங்கிவிட்டார்! விழுவதற்கு இனி காத்திருக்கக்கூட வேண்டாம்.

இதில் பெரிய கூத்து இன்ஜின்தான். சூடு தணிய வெளித் தண்ணீரை உறிஞ்சித் தன்னைச் சுற்றி ஓடவிட்டுக்கொள்ளும். ஆனால் சிலிண்டருக்குள் அதே தண்ணீர் போய்விட்டால் ஆள் காலி. வண்டி குப்புறக் கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கும் ஒரு திசை உண்டு. பின்பக்கம் அம்புக்குறி போட்டு ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். எதிர்த்திசையில் புரட்டினால் புகைக்குழாயில் நிற்கிற தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். பதற்றத்தில் தத்தளிப்பவன் ஸ்டிக்கரை நிதானமாகப் படிப்பான் என்று நம்பினார்கள் பாருங்கள், அந்த நம்பிக்கைக்கே ஒரு விருது தரலாம்.

சிலிண்டருக்குள் அப்படி என்னதான் ஆகிறது? காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் வேகமாக மேலே வருகிறது, தண்ணீர் வழிவிட மறுக்கிறது. நடுவில் மாட்டிய கனெக்டிங் ராட் வளைகிறது. இதற்கு ஹைட்ரோலாக் என்று பெயர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கார் வைத்திருந்தவர்கள் பலர் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்தார்கள். மூழ்கிக் கிடந்த காரில் உட்கார்ந்து, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போமே" என்று சாவியைத் திருகியவர்கள் எத்தனை பேர்! வெள்ளம் மிச்சம் வைத்ததைச் சாவி முடித்து வைத்தது.

சரி, கற்றுக்குட்டி ஒருவன் இன்ஜினைத் தொடலாமா? இங்கேதான் நம்ம ஜி.டி. நாயுடு வருகிறார். 1893-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். 'இந்தியாவின் எடிசன்' என்று பட்டம் கட்டி, சிலை மாதிரி நிற்க வைத்துவிட்டோம். சிலையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பார்த்தால், ஆரம்பப் பள்ளியைக்கூடத் தாண்டாத ஒரு பையன் நிற்கிறான். படிப்பு ஏறாத பிள்ளையைத் திட்டும் பெற்றோர்கள் இந்தப் பத்தியைப் பிள்ளைக்குக் காட்டாதீர்கள்.

ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் நாயுடுவுக்குப் பித்துப் பிடித்தது. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த அதிகாரியிடமே பேரம் பேசி, சுமார் 300 ரூபாய்க்கு வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றி ஜம்பமாக ஓட்டியிருக்க வேண்டாமா? நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டார்! புது ஐபோன் வாங்கியவன் முதல் வேலையாகப் பின்மூடியைப் பெயர்த்தால் வீட்டில் என்ன நடக்குமோ, அதுதான். ஆனால் இவர் திரும்பவும் மாட்டினார். மேதைக்கும் நமக்கும் வித்தியாசம் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது.

மெஷினைப் புரிந்துகொண்டவருக்கு மார்க்கெட் புரிந்ததா? பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் பணத்தைக் கரைத்துவிட்டுத் திரும்பினார். பருத்தியைக் கழற்றி மாட்ட முடியாது போலிருக்கிறது. பிறகு கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். 1937-ல் அவர் பங்களிப்போடு கோவையில் எலெக்ட்ரிக் மோட்டார் தயாரானது. பின்னாளில் அரசாங்கத்தின் வரிமேல் கோபம் வந்தபோது, தான் செய்த பொருட்களை ஊர் பார்க்க உடைத்தும் காட்டினார். உடைத்ததைத் திரும்ப ஒட்டித் தரவில்லை என்பதுதான் விசேஷம்.

ஆக, கற்றுக்குட்டி தொடலாம். ஆனால் முறை இருக்கிறது. முதலில் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றுங்கள். ப்ளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஆர்வக்கோளாறில் அங்கே முகத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயிலையும் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் அது ஏற்காட்டுக் காபிக் கொட்டையின் மகிமை இல்லை, தண்ணீர் கலந்திருக்கிறது.

பழைய ஜெட் ஸ்கீ எல்லாம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் கலவையே கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகும். அதனால் தண்ணீர் நேராகக் கிராங்க் பேரிங்கில் போய் உட்கார்ந்துவிடும். அன்றைக்கே வடித்து, ஆயில் விட்டுச் சுற்றினால் பிழைக்கும். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று விட்டால் துரு முந்திக்கொள்ளும். அப்புறம் ரீபோர், புது பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கேஸ்கட் என்று பில் நீளும். சோம்பலுக்கு இவ்வளவு துல்லியமாக விலை போடுகிறவர் லேத்துக்காரர் ஒருவர்தான்.

டூ ஸ்ட்ரோக்கைத் திரும்ப மாட்டும்போது பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி புகைபோகும் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனைகளும் பிஸ்டன் காடியில் இருக்கும் சின்ன ஊசியில் பொருந்தி உட்கார வேண்டும். ஹெட் நட்டுகளை மேனுவல் சொல்கிற அளவுக்கு, குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பலத்தைக் காட்ட வேண்டிய இடம் இது இல்லை, ஜிம்முக்குப் போங்கள்.

கழற்றும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாயுடுவிடம் இல்லாத ஒரே வசதி உங்களிடம் இருக்கிறது. அவரிடம் இருந்த பொறுமையையும் எங்கேயாவது கடன் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். வண்டி எதுவானாலும் சரி, தண்ணீரில் மூழ்கி எழுந்தால் முதல் விதி ஒன்றுதான்: சாவியைத் தொடாதீர்கள், ப்ளக் ஸ்பேனரைத் தேடுங்கள்.