வாய் எளகணும், அடி எளகக் கூடாது

வா பேராண்டி, உக்காரு. பாத்து, ஸ்டூல்ல எண்ணெய் கீது. இன்னா கையில? ரைபிள் தோட்டாவோட காலிக் கூடா? ஊர்ல உங்க பெரியப்பா லைசென்ஸு துப்பாக்கியில சுட்டுப் போட்டதா? சர்தான். இத்த வேற துப்பாக்கி சைஸுக்கு மாத்தணும், லேத்துல ஒரு டை கடைஞ்சு குடு தாத்தான்னு வந்துகீறே. அமெரிக்காக்காரன் வூட்டுக் கொட்டாயில செய்யறதப் போன்ல பாத்துட்டே. ரொம்ப சந்தோசம். போன மாசம் வரைக்கும் சைக்கிள் பெடல முடுக்கத் தெரியாத புள்ள, இன்னிக்கு நேரா தோட்டாவுக்குப் போயிட்டான். திருவொத்தியூரு முன்னேறிச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிடலாம்.

அந்த அமெரிக்காக்காரன நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவன் கையில ஆஸ்திரியாக்காரனோட பழைய மான்லிகர் ரைபிள் கீது. அதுக்கு 8×50 ஆர் தோட்டா வோணும், கடையில லேசுல கெடைக்காது. ரஷ்யாக்காரனோட 7.62×54 ஆர் கூடு தாராளமாக் கெடைக்குது. அத்த எடுத்து எண்ணெய் தடவி டையில அமுக்கித் தோள எறக்கறான், கழுத்த 8 மில்லிக்கு விரிக்கறான், மிச்ச நீளத்த வெட்டறான். வேல முடிஞ்சுது. எண்ணெய் ஒரு சொட்டு கூடப் போனா தோள்ல நசுக்கு வுழும், கொறஞ்சா கூடு டையிலயே சிக்கிக்கும். அந்த 8×50 வேற யாரும் இல்லடா, நம்மூரு 315 தான். உன் பெரியப்பா தோளுல மாட்டிகினு கீறாரே, அதே சாதி.

315 இன்னாத்துக்கு வந்துச்சு தெரியுமா? வெள்ளக்காரன் பட்டாளத்துக்கு 303 ரைபிள். ஊர்க்காரன் கையிலயும் 303 இருந்தா, பட்டாளத்துத் தோட்டா பக்கத்து வூட்டுக்கு வந்துடுமேன்னு பயம். சாமானியனுக்கு 303 கூடாதுன்னான். உடனே அதே லீ-என்ஃபீல்டு ரைபிளுக்கு 315 குழாய் போட்டு வித்தான். அப்புறம் நம்ம சர்க்கார் ஈஷாப்பூர் ஆலையும் 315 போட்டுச்சு. பெரிய துப்பாக்கிக்கும் இதே கூத்து தான். 1907-ல இந்தியாவுல 450 போர் கூடாதுன்னு தடை. மார்ட்டினி-ஹென்ரி வெச்சிகினு கீற கலகக்காரனுக்கு அந்தக் குண்டு போயிடுமாம். லண்டன் துப்பாக்கிக் கடைக்காரன் அழுதானா? ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனி அதே வருசம் 500/465ன்னு ஒண்ணக் கொண்ணாந்து வெச்சான். 500 கூட்டோட கழுத்து சுருங்கி 465 ஆன கத பேர்லயே கீது. சட்டம் ஓட்டைய மாத்துச்சு, வியாபாரி கூட்ட மாத்துனான். யானைக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியல.

சரி, பித்தளைக்கு வா. தோட்டாப் பித்தளைன்னா நூத்துக்கு 70 செம்பு, 30 துத்தநாகம். இது மாமியார் வூட்டுக்கு வந்த புது மாப்பிள்ள மாதிரி. வந்தப்ப மிருது, தட்டத் தட்ட வெறப்பு, கடைசியில வெடிப்பு. சைஸ் மாத்தறதுன்னா கூட்டு மேல ஒவ்வொரு அமுக்கும் ஒரு தட்டு தான். நாலு தட்டுல கழுத்து வெறச்சு, அஞ்சாவதுல நூல் மாதிரி கீறல் வுட்டுடும். அதனால நடுவுல சூடு காட்டி எளக்கணும். கழுத்துக்கு மட்டும் 400 டிகிரி சுமார், அதுவும் சில நொடி. செவக்கட்டும்னு நின்னு வேடிக்கை பாத்தே, கழுத்து துணியாட்டம் தொவண்டுடும். இன்னும் ஏத்துனா துத்தநாகம் வெள்ளப் பொகையாக் கெளம்பிடும். அது 907 டிகிரியில கொதிக்கற சரக்கு. தண்ணில போட்டா இரும்பு கெட்டிப்படும்னு பட்டறையில பாத்திருப்பே. பித்தளை அப்டி இல்ல. தண்ணில முக்குனாலும் எளகுனது எளகுனது தான். முக்கறது சூடு கீழ எறங்காம நிறுத்தறதுக்கு மட்டும்.

கீழ எறங்குனா இன்னா? அங்க தாண்டா சூட்சுமம். தோட்டா வெடிக்கறப்ப வாய் விரிஞ்சு அறையோட சுவத்துல ஒட்டிக்கணும், கேஸு பின்னால வராம அடைக்கணும். அதுக்கு வாய் எளகி இருக்கணும். அடி மட்டும் வெறப்பா நின்னு அந்த ஒதைய வாங்கணும். அடியும் எளகிச்சுன்னா கிழிஞ்சு, கேஸு நேரா உன் மூஞ்சிக்கு வரும். பட்டாளத்துக் கூட்டுக் கழுத்துல நீலமும் மஞ்சளுமா ஒரு நெறம் பாத்திருப்பியே, அது சூடு காட்டுன தடம். அடியில அந்த நெறம் ஏறவே ஏறாது. வாய் எளகணும், அடி எளகக் கூடாது. நம்மூர்ல ஓட்டு கேக்க வர்றவருக்கு இது தலகீழ். மைக்கு முன்னால வாய் எஃகு. ஜெயிச்சு உக்காந்த பெறவு ஆலைக்காரர் ஒரு சால்வ போட்டா அடி மெழுகு.

இன்னும் ஒண்ணு கேளு. வெள்ளக்காரன் இந்தியாவுல தோட்டாவக் குதிர லாயத்துல அடுக்கி வெச்சான். மழக்காலம் முடிஞ்சு பாத்தா கூடுங்க தன்னால வெடிச்சுக் கெடக்குது. யாரும் தொடல, சுடல. பருவம் மாறுனா வெடிக்குதுன்னு பருவத்து மேல பழியப் போட்டான். 1921-ல தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேரு காரணத்த எழுதி வெச்சாங்க. குதிர மூத்திரத்து அமோனியா! அமுக்கி செஞ்ச கூட்டுக்குள்ள ஒரு இழுவிசை அடங்கிக் கெடக்கும், அமோனியாவும் ஈரமும் பட்டா அது கீறலா வெளிய வரும். கூட்ட செஞ்சு முடிச்சு லேசாச் சூடு காட்டுனா அந்த இழுவிசை எறங்கிடும். அத்தோட அமோனியா கலந்த பாலிஷால தொடைக்கவே கூடாது. பளபளன்னு இருந்தா தான் போட்டோவுல நல்லா வுழும்னு நீ அதத் தான் மொதல்ல வாங்குவே, எனக்குத் தெரியாதா?

அமோனியான்னா இன்னான்னு நம்ம பக்கத்து ஆளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்ல. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற குழாய் கசிஞ்சு, தூங்குன சனம் மூச்சு முட்டி கொழந்தையத் தூக்கிகினு ரோட்டுல ஓடுச்சு. அன்னிக்கு எந்தப் பித்தளையும் வெடிச்சதா நான் கேக்கல. மனுசன் நெஞ்சு தான் எரிஞ்சுது. பித்தளை வெடிச்சதுக்குக் காரணம் தேட மூணு பேரு உக்காந்தான். குப்பத்து சனம் கேள்வி கேட்டு பந்தலு போட்டு மாசக் கணக்கா ரோட்டுல உக்காந்துச்சு. ஓலக் கொட்டாய்ல கீறவன விட ஒலோகத்துக்கு மரியாத ஜாஸ்தி.

இப்ப உன் ஆசைக்கு வருவோம். பைக் டயருக்கு 30 பவுண்டு காத்தடிக்கறப்பவே ரெண்டடி தள்ளி நிக்கற ஆளு நீ. ரைபிள் தோட்டா வெடிக்கறப்ப சதுர இஞ்சுக்கு 40,000 பவுண்டு தாண்டும். அத்த உன் கன்னத்துப் பக்கத்துல வெச்சி சுடணும். கழுத்து ஒரு நூல் தடிச்சா இல்ல, தலமுடியில பாதி தடிச்சாலே குண்டு நெருக்கப்பட்டு அழுத்தம் எகிறும். உன் வெர்னியரக் காட்டு. பிளாஸ்டிக்கா? சரி, உள்ள வெச்சிக்கோ, வெயில்ல வளைஞ்சுடப் போவுது.

அத்தோட 1959 ஆயுதச் சட்டம்னு ஒண்ணு கீது. பெரியப்பா லைசென்ஸு துப்பாக்கி வெச்சிக்கறதுக்கு. தோட்டா செய்யறதுக்கு அஞ்சாவது பிரிவுல வேற லைசென்ஸு. தோட்டா செய்யற எந்திரமும் அந்தச் சட்டத்துல தோட்டாக் கணக்குலயே வருது. அதாவது நீ கேக்கற டை எனக்கும் சேத்து ஆப்பு. 2019-ல சட்டத்தத் திருத்தி, லைசென்ஸு இல்லாம செஞ்சா கொறஞ்சது 7 வருசம், ஆயுசு வரைக்கும் போவலாம்னு வெச்சாங்க. வடிவுடையம்மன் சத்தியமா, இந்த வயசுல புழல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது.

மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத. ஒண்ண இன்னொண்ணா மாத்தற வித்த இந்த ஊருக்குப் புதுசில்ல. சீமையில ரெட்டிச்சுல ஊசி பண்ணிகினு இருந்த கம்பெனி சைக்கிளுக்கு வந்துச்சு, என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்குப் பார்ட்ஸு போட்டுச்சு, அந்தப் பேரையே தலையில தூக்கி வெச்சிகினு மோட்டார் சைக்கிளுக்குத் தாவுச்சு. அப்புறம் அதே பேரு நம்ம திருவொத்தியூர்ல புல்லட்டா எறங்குச்சு. பீரங்கிப் படத்தப் போட்டு, துப்பாக்கி மாதிரி செஞ்சதுன்னு வெளம்பரம் வேற. பாரு, எல்லாரும் துப்பாக்கியிலேர்ந்து வண்டிக்கு வந்துகினு கீறான். நீ ஒருத்தன் தான் பெடல்லேர்ந்து தோட்டாவுக்குப் போறே.

கை அரிக்குதுன்னா வேல கீது, வா. காசிமேட்டு விசைப்படகு ஒண்ணுக்கு ஷாஃப்ட்டு புஷ் தேஞ்சு போச்சு. இந்தா கன்மெட்டல் துண்டு. 88 செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம். ஒரு காலத்துல பீரங்கிக்கு ஊத்துன சரக்கு, இன்னிக்கு வஞ்சிரம் புடிக்கப் போவுது. சக்குல மாட்டு, டூல நேரா வை, உள்ள போர் பண்ணு. சைஸ் மட்டும் தப்புனே, படகுக்காரரு உன் வாயையும் அடியையும் சேத்து எளக்கிடுவாரு. அதுக்கு லைசென்ஸும் கேக்க மாட்டாரு.