ஏற்காட்டு வேனில் அரசியல் பேசுவோர் கவனத்துக்கு

சேலத்து அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு குடும்பம் வேன் பிடித்துக் கிளம்பினால் அதில் எப்படியும் நான்கைந்து கட்சிகள் ஏறியிருக்கும். ஏறியவர்கள் இறங்கும்போதும் சொந்தக்காரர்களாகவே இருக்க வேண்டுமென்றால் கீழே உள்ளவற்றைக் கடைப்பிடிக்கலாம். அரசியலே பேசாமல் போகக்கூடாதா என்று கேட்பவர் இதுவரை தமிழ்நாட்டில் குடும்பத்தோடு வேனில் போனதில்லை என்று அர்த்தம்.

முதல் வேலை, யார் எங்கே உட்காருவது என்பது. எதிரெதிர்க் கட்சிக்காரர்களை எதிரெதிரே உட்கார வைத்தால் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், வம்பு. பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தே ஆக வேண்டும். பத்துத் தடவை தன் தோளில் சாய்ந்த மச்சானைப் பதினொன்றாவது வளைவில் ‘விலைபோனவன்’ என்று திட்ட வாய் வராது. பெரியப்பாவுக்கு ஜன்னலோரம் கட்டாயம். வாந்திக்காக அல்ல, அதற்கு எலுமிச்சம்பழம் இருக்கிறது. வாதத்தில் தோற்கப்போகும் நேரத்தில் ‘அடடா, என்ன பள்ளம்!’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு மனிதருக்கு ஜன்னல் வேண்டும்.

அடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டிய பட்டப்பெயர் மூட்டைகள் சில உண்டு: சங்கி, இருநூறு ரூபாய் ஊபி, அடிமை, ஆமைக்கறி. மாம்பழத்துக்கு மட்டும் விலக்கு தரலாம். சேலத்தில் அது வெறும் பழமாகவும் இருக்கக்கூடும்.

இன்னொரு மூட்டை, 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலம். அதில் என்ன நடந்தது என்பதைப் பற்றி 2020 ஜனவரியில் துக்ளக் விழாவில் ரஜினிகாந்த் பேசப்போய், ஐம்பது வருடப் பழைய ஊர்வலம் மறுபடி தெருவுக்கு வந்துவிட்டது. ரஜினிக்கே அந்தக் கதி என்றால், முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை மாப்பிள்ளையின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் ஒரு விதி: ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். விவாதத்துக்கும் இதுவே பொருந்தும். மூச்சுவாங்கி, வார்த்தை கிடைக்காமல் திணறிக்கொண்டிருப்பவர்தான் ஏறுகிற வண்டி. புள்ளிவிவரம் மடமடவென்று வாயில் வருகிறவர் இறங்குகிறவர். ஓரம் கட்டி நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கைபேசி சிக்னல் வந்து வந்து போனால் அதை மலையின் கொடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இருங்க, ஆதாரம் காட்டுறேன்’ என்று போனை எடுத்தவர் அடுத்த மூன்று வளைவுக்கு அதையே தேய்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் பேச்சு முறுக்குக்குப் போய்விடும்.

பாதி வழியில் வயதானவர் யாராவது, ‘அந்தக் காலத்துல எல்லாம் இப்படியா?’ என்று ஆரம்பிப்பார். தடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தக் காலம் தேவலைதான். கீழே தெரிகிறதே சேலம், அதன் நகராட்சித் தலைவராக 1917இல் உட்கார்ந்தவர் ராஜாஜி. பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். இருவரும் நண்பர்கள். 1938இல் ராஜாஜியின் ஆட்சி, இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் பெரியாரைச் சிறையில் போட்டது. 1944 ஆகஸ்டில் ராஜாஜியின் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் ஊர் ஊராக எதிர்த்தார். அடுத்த வருடம் ராஜாஜி பதவியை விட்டார். நடுவில் 1949 மே மாதம் திருவண்ணாமலையில் இருவரும் சந்தித்துத் தனியாகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நாடே ஊகித்துக்கொண்டிருந்தது. இருவரும் அப்போது வாய் திறக்கவில்லை. 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார்.

இதில் படித்துக்கொள்ள வேண்டியது பண்பாடு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கொள்கையில் இருவரும் ஒரு அங்குலம் நகரவில்லை, மேடையில் சாஃப்டாகவும் பேசவில்லை. தனியாகப் பேசியதைத் தனியாகவே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாமோ வாயில் ‘உங்க கருத்தை மதிக்கிறேன் மாமா’ என்று சொல்லிக்கொண்டே, மாமா அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுகிறோம்.

வேனுக்குள் எட்டுவழிச் சாலை பற்றிப் பேச்சு வந்தே தீரும். 2018இல் அறிவித்த சேலம்–சென்னைச் சாலை, 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய். நிலம் எடுத்ததை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழி திறந்துவிட்டது. ஆக இரண்டு தரப்புக்கும் காட்ட ஆளுக்கொரு தீர்ப்பு கைவசம் இருக்கிறது. லாரி வைத்திருக்கும் மச்சானும், தென்னந்தோப்புக்குள் அளவைக்கல் நட்டதைப் பார்த்த பெரியப்பாவும் இதைக் கட்சிச் சண்டையாகப் போட்டால் தீராது. ஆகவே இங்கே ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: ‘உங்க தோப்புல எத்தனை மரம் போகும் பெரியப்பா?’ பெரியப்பா மரக்கணக்கு சொல்ல ஆரம்பித்துவிடுவார். மச்சானுக்கும் தோப்பு தெரியும், சின்ன வயதில் அதில் இளநீர் திருடியவர்தான். கட்சி இரண்டும் வண்டியை விட்டு இறங்கிவிடும்.

இத்தனைக்கும் சூடு குறையவில்லை என்றால் கடைசி ஆயுதம். ‘நாம இப்ப போயிட்டிருக்கிற இந்த மலை எந்த எம்.பி. தொகுதி?’ என்று கேளுங்கள். வேன் முழுக்க ஒரே குரலில் ‘சேலம்’ என்பார்கள். இல்லை, கள்ளக்குறிச்சி. அடுத்து, எம்.எல்.ஏ. யார் என்று கேளுங்கள். டெல்லியில் யார் பிரதமராகியிருக்க வேண்டும், சென்னையில் யார் முதல்வராகியிருக்கக் கூடாது என்று இதுவரை முழங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மிளகுக்கொடியை ரசிக்க ஆரம்பிப்பார்கள். பயணத்திலேயே அமைதியான பகுதி இதுதான்.

அந்த அமைதியில் நீங்கள் 2013ஐ எடுத்து விடலாம். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு தொகுதியில் எம்.எல்.ஏ. பெருமாள் இறந்துபோக, அந்த டிசம்பர் 4ஆம் தேதி இடைத்தேர்தல். அமைச்சர்கள் மலையிலும் அடிவாரத்திலும் முகாம் போட்டார்கள். மற்ற பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொள்ள, அ.தி.மு.க. சார்பில் பெருமாளின் மனைவி சரோஜா, தி.மு.க. சார்பில் மாறன். சுமார் 89 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். சரோஜா 78,116 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இந்த எண்ணைச் சொன்னதும் வேனில் பாதிப் பேர் ‘பார்த்தீங்களா?’ என்பார்கள், மீதிப் பேர் ‘ஆளுங்கட்சின்னா சும்மாவா?’ என்பார்கள். பேசட்டும். பேசி முடித்ததும் மூன்றாவதாக வந்தது யார் என்று கேளுங்கள். நோட்டா. உச்ச நீதிமன்றம் அந்த செப்டம்பரில்தான் அப்படி ஒரு பொத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. தமிழ்நாட்டில் அதை முதலில் அழுத்திப் பார்த்தது இந்தத் தொகுதி. 4,431 பேர். ரோடு, கொடி, ஒலிபெருக்கி, மந்திரி எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற பிறகு, வரிசையில் நின்று ‘யாரும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்பதை உங்கள் வேனில் இருக்கும் எந்தக் கட்சிக்காரராலும் சொல்ல முடியாது. கட்சி வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஒன்றாக முழிக்கக் கிடைக்கும் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

ஏற்காட்டின் ஒண்டிக்கடை வந்துவிட்டது. இறங்குங்கள். எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரனே காரணம் என்று வழியெல்லாம் சொல்லி வந்த சித்தப்பா கையில் முதலில் காபி டம்ளரைக் கொடுங்கள். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை என்பதை அவர் குடித்து முடித்த பிறகு சொன்னால் போதும்.

ஏரிக்கரைக்குப் போங்கள். மிளகாய் பஜ்ஜி சூடாக இருக்கும்வரை யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள், வாய் எரியும். லேடீஸ் சீட்டில் நின்று வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் வரை பாருங்கள். அந்த மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையை வெட்டித்தான் பல வருடம் பாக்சைட் போனது. அதில் கூலி வாங்கியவரும், காடு போச்சே என்று நொந்தவரும் இங்கே ஒரே ஊர்க்காரர்களாக இருந்திருக்கிறார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இருவரும் ஒரே பாதையில்தான் ஏற வேண்டும்.

ஊர் சுற்றிப் பார்க்கையில் காபித் தோட்டத்து ஓரம் யாராவது மலைவாசி பெரியவர் நின்றால், ‘இந்தத் தடவை யாருக்குங்க ஓட்டு?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சிரித்துக்கொண்டே உங்கள் கட்சியைத்தான் சொல்வார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. மிளகு கிலோ என்ன விலைக்குப் போகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, தயவுசெய்து, அவர் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள். வேன்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.