காயில் புதுசு, குலுக்கல் பழசு!

கேள்வி: மைவி காரைக் கோளாறு காட்டும் கருவியில் மாட்டினால் ‘பி0352’ என்கிறது. புதுக் காயில் போட்டும் இன்ஜின் குலுங்குகிறதே? – வாசகர், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர்

பதில்: இரண்டாவது சிலிண்டரின் காயில் சுற்றில் கோளாறு என்றுதான் கருவி சொன்னது. காயில் வாங்கச் சொன்னது கடைக்காரராக இருக்கும்!

2005-ல் ரவாங் ஆலையிலிருந்து புறப்பட்ட முதல் மைவியின் 1.3 லிட்டர் இன்ஜினுக்கு நான்கு காயில்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை ஒவ்வொன்றும் பல்லாயிரம் வோல்ட்டாக்கிப் பிளக்கில் பொறியாக்குகிறது. எப்போது பொறி வேண்டும் என்று உத்தரவிடுவது இன்ஜினின் கணினியான ஈசியூ. உத்தரவு வரும் வயர் அறுந்தால் புதுக் காயிலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் ஆறியதும், சாவியை எடுத்துவிட்டு, இரண்டாம், மூன்றாம் காயில்களை இடம் மாற்ற வேண்டும். பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டும்போது, கோளாறு மூன்றாம் சிலிண்டருக்கு மாறி ‘பி0353’ வந்தால் குற்றவாளி காயில். ‘பி0352’ அசையாமல் நின்றால் வயரையும் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பி, சாக்கெட்டின் மின்வரவுப் பின்னில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய 12 வோல்ட் காட்ட வேண்டும். அதுவும் எர்த்தும் சரியென்றால், உத்தரவு வயரை ஈசியூ வரை தடவிப் பார்க்க வேண்டும்: பச்சை பூத்த சாக்கெட் பின், உரிந்த உறை, எலிக்கடி.

செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு வைக்கிறார்கள். போனட்டைத் திறக்க ஆந்தைக்குத் தெரியாதே!

இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதற்கான பில், காயில் பில்லைவிடப் பெரிது.