கியர் லீவரும் மிதியடியே: ஆலங்காயத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிளின் கியர் லீவர் எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியை அறிஞர் உலகம் இதுவரை தீண்டவில்லை. உதிரிபாகக் கடைக்காரர் அதைக் கிளட்ச் ஒயருக்கும் செயின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே தொங்கவிடுகிறார். நாமும் அதை எஞ்சினின் உறுப்பு என்று நம்பி, கழன்றால் வண்டியைப் பட்டறைக்கு உருட்டிப் போகிறோம். இந்த வகைப்பாடு பிழை. கியர் லீவர் மிதியடி இனம். எனவே அதை மாற்ற உரிய இடம், மற்ற மிதியடிகளைக் கழற்றி மாட்டுகிற வீட்டு வாசற்படியே. சொல்லே முதற்சான்று: அடியால் மிதிக்கப்படுவது மிதியடி. ஆய்வுக்களமாக ஆலங்காயத்தைக் கொண்டதற்கும் காரணம் உண்டு. ஒரு பக்கம் வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிட்டு உலகத்துக் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்புகின்றன. மறுபக்கம் ஜவ்வாது மலைப்பாதை வளைவுக்கு வளைவு கியரைக் குறைக்கச் சொல்கிறது. காலணியும் கியரும் இவ்வளவு நெருங்கி வாழும் ஊர் வேறு எளிதில் அகப்படாது.

லீவரின் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அது செருப்பின் அடிப்பாகம் போலவே தேய்கிறது, கிழிகிறது, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உருவிக்கொண்டு போய்விடுகிறது. மேலே தூக்கிப் போடும் கியர் உள்ள வண்டியை ஓட்டுபவரின் இடது ஷூவில் மட்டும், பெருவிரலுக்கு மேலே, பாலிஷுக்கு மசியாத கறுப்புத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைத் தவிர்க்கப் பிறந்ததே முன்னால் விரலுக்கும் பின்னால் குதிகாலுக்கும் மிதி வைத்த இரட்டை லீவர். விரலால் தூக்க வேண்டியதைக் குதிகாலால் அழுத்தி முடித்துவிடலாம். ரப்பர் செருப்போடு வண்டி ஓட்டும் நாட்டில் அது நிலைத்ததில் வியப்பில்லை. உலகுக்கு ஷூ தைக்கும் ஊர்களிலும் வண்டி ஓட்டும் கால்களில் பாதி செருப்புக் கால்களே. வரலாறும் இதையே சொல்கிறது. முற்காலத்தில் கியர் கையால் போடப்பட்டது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கியர் நகர்ந்து, லீவர் பழைய இடத்துக்கே திரும்பும் ஏற்பாட்டை வெலோசெட் கம்பெனியின் ஹெரால்டு வில்லிஸ் 1920களின் இறுதியில் கொண்டுவந்த பிறகே அது உறுதியாகக் காலுக்கு இறங்கியது. கையில் இருந்தவரை அது கைப்பிடி. காலுக்கு வந்த அன்றே மிதியடி. பஜாஜ் சேத்தக்கின் இடது கைப்பிடியில் கியர் இருந்ததே என்று கேட்பவர்களுக்குப் பதில்: அது கையுறை இனம், இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. பழைய புல்லட்டில் லீவர் வலப்பக்கம் இருந்ததும் தடையாகாது. தேயும் ஷூ மாறியதே தவிர இனம் மாறவில்லை. மைசூரின் எஸ்டி வண்டியோ கிக்கருக்கும் கியருக்கும் ஒரே லீவரை வைத்து, மிதியடியை உதையடியாகவும் ஆக்கிக் காட்டியது.

அளவுச் சான்று இவற்றை விட வலியது. லீவர் செருகப்படும் ஷாப்டைச் சுற்றிப் பற்கள் இருக்கின்றன. லீவரை எந்தப் பல்லில் மாட்டுகிறோமோ அந்தச் சாய்வில் அது நிற்கும். பற்கள் 20 என்றும் லீவரின் நீளம் 12 செ.மீ. என்றும் கொள்வோம். ஒரு பல் தள்ளி மாட்டினால் 18 டிகிரி. நுனியில் ஏறக்குறைய 3.8 செ.மீ. ஏற்றமோ இறக்கமோ வரும். ஆங்கில ஷூ அளவில் ஒரு நம்பர் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. ஆக, ஒரு பல் பிழை என்பது நாலரை நம்பர் பிழை. ஏழாம் நம்பர் காலுக்குப் பதினொன்றரை நம்பர் ஷூவை மாட்டி மலையேறச் சொல்வது போன்றது இது. கால் முழு வீச்சு எட்டாமல், கியர் பாதியில் நிற்கும். ஆலங்காயத்திலிருந்து போகும் பாதையில் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதில் 18 டிகிரி தவறினால் வேறொரு நட்சத்திரம் கிடைக்கும், அவ்வளவுதான். வளைவில் முதல் கியர் விழாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதைப் பின்னால் வரும் பஸ்தான் சொல்ல வேண்டும்.

மாற்றும் முறை ஷூ நாடா கட்டுவதைவிடக் கடினமல்ல. பெரும்பாலான வண்டிகளில் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு அடங்கும் ஒரே போல்ட். அதைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். பல வண்டிகளில் அது ஷாப்டில் உள்ள பள்ளத்தின் வழியே குறுக்காகப் போகிறது. இதை அறியாமல் சுத்தியலை எடுப்பவர்கள் ஆயில் சீலுக்குச் செலவு வைக்கிறார்கள். துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து, லீவரின் பிளவில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து லேசாக விரித்தால் வழுக்கி வரும். பல் மழுங்கிய லீவரை ஷாப்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடும் வழக்கமும் உண்டு. அது செருப்பைக் காலோடு சேர்த்துத் தைப்பதற்குச் சமம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் முடிப்பாரே என்பது வலுவான மறுப்பு. முடிப்பார், ஆனால் தன் காலுக்கு. ஷூவை நாம் போட்டுப் பார்க்காமல் கடைக்காரர் போட்டுப் பார்த்து வாங்குவதில்லை. வீட்டிலோ வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமான செருப்போடு ஏறி உட்கார்ந்து, பாதம் ஃபுட்ரெஸ்டை விட்டு எழாமல் மிதி எட்டுகிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டை இறுக்கலாம். இன்னொரு மறுப்பு சட்ட வாடை உள்ளது. பாலாற்றைத் தோல் கழிவிலிருந்து காக்கத் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது; அந்த மண்ணிலிருந்துகொண்டு தெரியாத வேலையில் கைவைக்கலாமா என்பார்கள். ஆறு பெரிய விஷயம், லீவர் சிறிய விஷயம். ஆனால் கொள்கை இங்கும் செல்லும். கழற்றும் முன், லீவரின் பிளவுக்கு நேராக ஷாப்டின் முகத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். முன்னெச்சரிக்கை அவ்வளவே.

வாசகர்களிடம் வேண்டுகோள் ஒன்றுதான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை டூல்ஸ் பெட்டியிலிருந்து எடுத்து, செருப்பு ஸ்டாண்டில், பாலிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.