படம் பாராப் பண்டிதர்

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவிலோ, சிறிய ஊர்களானால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள ஏதேனும் ஒரு சந்திலோ, ஒருவர் ஏறினால் மற்றொருவர் இறங்க இயலாத மாடிப்படியின் உச்சியில், ஈயப் புகைக்கு நடுவே வீற்றிருக்கும் ஆம்ப்ளிபயர் மெக்கானிக் என்னும் மகானுபாவரைத் தரிசிக்காதவர்கள், வித்தியா கர்வம் சாஸ்திரிகளுக்கும் சங்கீத வித்துவான்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணிக் காலம் கழித்துவிடுவார்கள். நாற்பது ஐம்பது வருஷத்துப் பழைய ஸ்டீரியோ ஒன்றை மூச்சிரைக்கச் சுமந்து சென்று அவர் மேஜை மீது இறக்கி, "இதுக்கு சர்க்யூட் டயக்ராம் எங்கேயும் கிடைக்கலீங்க" என்று நாம் தயங்கித் தயங்கிச் சொன்னால், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "படம் பார்த்து வேலை பண்றவன் போதும்னா, நீங்க ஏன் ஸார் இத்தனை படி ஏறணும்?" என்பார்.

மூடியைக் கழற்றியதும் அவர் செய்யும் முதற்காரியம் பழுதைத் தேடுவதன்று, புதிதாகப் பொறுப்பேற்ற கணக்கப்பிள்ளை முன்னவரின் பேரேட்டைப் புரட்டும் தோரணையில், தமக்கு முன் அந்த யந்திரத்தைத் தொட்டவன் வைத்த ஈயப் பற்றுகளை ஒவ்வொன்றாய்ப் பரிசீலித்து, "யார் ஸார் இந்தப் பாவி?" என்று வினவுவார். சில வருஷங்களுக்கு முன் அந்தப் பற்றுகளை வைத்தவர் அவரேதான் என்பதை எடுத்துரைக்கும் தைரியம் எந்த வாடிக்கைக்காரருக்கும் வந்ததில்லை. வசை ஓய்ந்த பின்னரே மின்சாரம். அதுவும் நேராக அன்று, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் கோத்து அதன் வழியாக. பல்பு முழுப் பிரகாசத்துடன் நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கண்டென்சர்கள் நிரம்பிக்கொண்டன, உடனடி அபாயம் இல்லை.

இடப்பக்கம் ஊமையாகி வலப்பக்கம் மட்டும் பாடும் யந்திரமென்றால் அவர் முகத்தில் தனியொரு பிரசன்னம் தோன்றும். மீட்டரின் கறுப்பு முனையை உடம்புத் தகட்டில் கவ்வவிட்டு, சிவப்பு முனையால் வலப்பக்கத்து 2என்3055 டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தொட்டால், 50 வோல்ட் சப்ளையில் சரிபாதியாக 25 காட்டும். இடப்பக்கத்தில் அதே இடம் 47 காட்டும். அங்கிருந்து ஒவ்வொரு காலாகப் பின்னோக்கி நடந்து, இரு பக்கத்தையும் மாறி மாறித் தொட்டு ஒப்புநோக்கிக்கொண்டே வந்து, முதல் டிரான்சிஸ்டரின் வாசலில் உள்ளே அறுந்துபோன ரெசிஸ்டர் ஒன்றைப் பிடித்துவிடுவார். அதன் வர்ணங்கள் வெளுத்து மதிப்புத் தெரியாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை; வலப்பக்கத்து ரெசிஸ்டர் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்று 47 கிலோ ஓமைப் பச்சையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். "கம்பெனிக்காரன் ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதானே ஸார் கட்டியிருக்கான்? நல்லா இருக்கிற பக்கம்தான் படம்!" என்று அவர் அருளும்போது, தர்க்க சாஸ்திரம் முழுவதையும் ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையில் நிறுத்திக் காட்டியதாகவே நமக்குத் தோன்றும்.

இரு பக்கமும் ஒருசேர மாண்டுபோன யந்திரம் வரும் நாளில் மாத்திரம் இந்த வேதாந்தம் சற்றே தளரும். அன்று அவர் சாமான் தட்டுப்பாட்டைப் பற்றியும் காலத்தின் சீர்கேட்டைப் பற்றியும் விஸ்தாரமாகப் பேசி, "வெள்ளிக்கிழமை வாங்க ஸார்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நாம் படியிறங்கிய பின், பையனைத் தேநீர் வாங்க விரட்டிவிட்டு, யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் செம்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து, எந்த டிரான்சிஸ்டரின் எந்தக் கால் எதனோடு சேர்கிறதென்று தாமே ஒரு படம் வரைவார். உலகில் கிடைக்காத படங்கள் பல அவர் மேஜை டிராயரில் முகூர்த்த நேரத்தோடும் மணமக்கள் பெயரோடும் பத்திரமாக உறங்குகின்றன. தாமும் படம் பார்ப்பதுண்டு என்பதை மட்டும் அவர் எந்தச் சபையிலும் ஒப்புக்கொள்வதில்லை.

இதையறியாத வாடிக்கைக்காரர் ஒருவர் என்றேனும் பெருமுயற்சி செய்து, கம்பெனியே அச்சிட்ட அசல் படத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து வெற்றிப் புன்னகையுடன் நீட்டினால், அதை ஒரு முறையும் யந்திரத்தை ஒரு முறையும் நோக்கிவிட்டு, "படம் தப்பு ஸார்!" என்று தீர்ப்பளிப்பார். உற்பத்தியின் நடுவே கம்பெனிகள் சர்க்யூட்டை மாற்றிவிட்டுப் பழைய படத்தையே அச்சிட்டு வந்ததும் உண்டாகையால், அத்தீர்ப்பு பல சமயம் சரியாகவும் இருந்து தொலைக்கும். பின்பு சிவப்பு மையால் கம்பெனியின் பிழைகளைத் திருத்தி, திருத்திய படத்தைத் தம் டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டு, திருத்திய கூலியையும் பில்லில் சேர்த்துவிடுவார்.